குடும்பப் பெயர் என்ற பெட்டிக்காக 850 கிலோமீட்டர்

இந்தப் பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை விடிகாலை, சிட்னி ஹோம்புஷிலிருந்து மெல்பர்னுக்குக் கார் ஓட்டிக்கொண்டு போனேன். சுற்றுலா இல்லை, யார் வீட்டுக் கல்யாணமும் இல்லை. சுத்தமான கோபத்தில் போன பயணம். கிளம்பும்போது அந்தக் கோபம் யார்மேல் இருந்தது, திரும்பும்போது யார்மேல் வந்து நின்றது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. வழி, நேரம், செலவு எல்லாம் இடையிடையே வரும். அது மட்டும் போதும் என்பவர்கள் கீழே தாவிக்கொள்ளலாம். ஆனால் உங்கள் வீட்டில் யாராவது வெளிநாட்டுப் படிப்புக்குப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தால் தயவுசெய்து தாவாதீர்கள்.

நானும் என் கணவரும் மகனும் ஹோம்புஷில் மூன்று அறை ஃபிளாட் ஒன்றில் இருக்கிறோம். மூன்றாவது அறையில் ஒன்றரை வருடமாக நொமின் வாடகைக்கு இருந்தாள். வயது 27, மங்கோலியாவின் தலைநகர் உலான்பாதரிலிருந்து படிக்க வந்தவள். முதியோர் இல்லத்தில் பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே டிப்ளமா முடித்தாள். என்னை 'ரேவதி எக்ச்' என்று கூப்பிடுவாள். எக்ச் என்றால் அவர்கள் மொழியில் அக்கா. தேநீரில் உப்புப் போட்டுக் குடிப்பாள். முதல் நாள் அதைப் பார்த்து நான் போட்ட கூச்சலை இன்னமும் சொல்லிச் சிரிப்பாள். அவளும் முதல் நாள் "தமிழ்னா இந்தியோட ஒரு வகையா?" என்று கேட்டவள்தான், அதனால் கணக்கு நேர். நாங்கள் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில். இங்கே அதை என் வீட்டுத் தமிழில் எழுதுகிறேன்.

மழலையர் பள்ளி ஆசிரியர் படிப்புக்கு மெல்பர்னில் ஒரு கல்வி நிறுவனத்தில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. பெயர் சொல்லப் போவதில்லை. புதன்கிழமை மதியம் அங்கிருந்து ஒரு மின்னஞ்சல். அவளுடைய விண்ணப்பத்தில் உள்ள தந்தையின் விவரமும், படிப்புச் செலவை ஏற்பதாகக் கடிதம் கொடுத்தவரின் விவரமும் ஒத்துப்போகவில்லையாம். வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குள் அசல் ஆவணங்களோடு நேரில் வராவிட்டால் இடம் ரத்து. இடம் போனால் மாணவர் விசாவும் போகும், மார்ச் நடுவில் அவள் ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான். முழுதாக இரண்டு நாள் அவகாசம். யாரோ ஒருவர் ஏசி அறையில் உட்கார்ந்து ஒரு பொத்தானை அமுக்கியிருக்கிறார், ஒரு பெண்ணின் நான்கு வருடத் திட்டம் அந்தரத்தில் நிற்கிறது. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

என்ன சிக்கல் என்பது அந்த மின்னஞ்சலைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. தமிழர் யாருக்கும் புரியும். மங்கோலியர்களுக்கும் நம்மைப் போலவே குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. தன் பெயருக்கு முன்னால் அப்பா பெயர், சுருக்கினால் அதன் முதலெழுத்து. இவள் அப்பா பெயர் கன்போல்ட். ஆகவே இவள் க. நொமின். தாத்தா பெயர் தோர்ஜ். ஆகவே அப்பா தோ. கன்போல்ட். நாம் சு. ரேவதி, ப. கார்த்திகேயன் என்று எழுதுவது போலத்தான், துளி வித்தியாசம் இல்லை. இதை அவள் முதன்முதலில் சொன்ன அன்று நான் சமையலறையில் கரண்டியோடு நின்று கைதட்டினேன்.

ஆனால் இந்த ஊர்ப் படிவங்களுக்கு இது புரியாது. 'குடும்பப் பெயர்' என்று ஒரு பெட்டி இருக்கும், அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. கடவுச்சீட்டில் அப்பா பெயரை அந்தப் பெட்டியில் போடுவார்கள். அதன்பிறகு ஆஸ்பத்திரி, வங்கி, அஞ்சலகம் எங்கே போனாலும் அப்பா பெயரைச் சொல்லித்தான் உங்களைக் கூப்பிடுவார்கள். நொமினை வேலையிடத்தில் 'மிஸ் கன்போல்ட்' என்பார்கள். "எங்க அப்பா பின்னாடி நிக்கிறாரோன்னு திரும்பிப் பார்க்கத் தோணும்" என்பாள். மகளுக்கு கன்போல்ட், அப்பாவுக்கு தோர்ஜ் என்று குடும்பப் பெயர் வேறுவேறாக இருந்தால் கவுண்டரில் இருப்பவர் புருவத்தைத் தூக்குவார். இது உங்கள் சொந்த அப்பாதானா என்று கேட்காமல் கேட்பார்.

விமானத்தில் போயிருக்கலாம். கடைசி நேர டிக்கெட் விலை ஒரு பக்கம். அவள் எப்படியும் அடுத்த வாரம் மூட்டை கட்டிக்கொண்டு மெல்பர்ன் போகவேண்டியவள்தான் என்பது இன்னொரு பக்கம். இரண்டு பெட்டி, ஒரு ரைஸ் குக்கர், குளிர்கால மெத்தை எல்லாவற்றையும் என் பழைய ஹேட்ச்பேக்கில் திணித்தோம். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அலுவலகத்துக்கு விடுப்புச் சொன்னேன். கணவர், "இதுக்கு நீ போகணுமா? அவ பஸ்ஸுல போக மாட்டாளா?" என்று கேட்டார். நான் பார்த்த பார்வையில் மகனை எழுப்பப் போய்விட்டார்.

காலை 5.40க்குக் கிளம்பினோம். ஊரைத் தாண்டும் வரை சுங்கச்சாலை, அதன்பிறகு ஹியூம் நெடுஞ்சாலை மெல்பர்ன் வரை ஒரே கோடு. பெரும்பாலும் 110 கிலோமீட்டர் வேகம். கேமராக்கள் ஏராளம், அவசரப்படாதீர்கள். கங்காரு குறுக்கே வரும் என்பதால் நன்றாக வெளுக்கும் வரை வலது பக்க லேனுக்கே போகாமல் நிதானமாக ஓட்டினேன். கை நிதானமாக இருந்தது. வாய் இல்லை. அலுவலரிடம் என்ன பேசப் போகிறேன் என்று நொமினிடம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். முதலில் மரியாதையாக ஆரம்பிப்பது, அடுத்து உலகத்தில் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயரே கிடையாது என்று போடுவது, கடைசியில் மேலதிகாரியைக் கூப்பிடச் சொல்வது. அவள் மடியில் ஆவணக் கோப்பை வைத்துக்கொண்டு, "முதல் பாகமே போதும் எக்ச்" என்றாள்.

8 மணிக்கு கோல்பர்ன், சுமார் 190 கிலோமீட்டர். அங்கே ஊர் எல்லையில் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு செம்மறிக் கிடாய் சிலை நிற்கிறது. காபி வாங்கிய கடையில் இருந்த மனிதர் நொமினைப் பார்த்து, "சீனாவுல இவ்வளவு பெரிய ஆடு உண்டா?" என்று கேட்டார். அவள் மங்கோலியா என்றாள். "ஓ, கூடாரம், குதிரை!" என்று அவர் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டு, நான் பிறந்தது ஒன்பது மாடிக் கட்டடத்தில், குதிரையிலிருந்து இரண்டு முறை விழுந்திருக்கிறேன், அவ்வளவுதான் பழக்கம் என்றாள். எனக்குத்தான் காபி இறங்கவில்லை. காரில் ஏறியதும், "நீ ஏன் சிரிச்சே? நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?" என்று அவளிடமே எரிந்து விழுந்தேன்.

"ஒரு நாளைக்கு ஆறு பேர் கேக்குறாங்க. ஆறு தடவ கோவப்பட்டா எப்ப படிக்கிறது?" என்றாள்.

குண்டகையில் 10.30க்கு நின்று கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டோம். பூங்காவில் மேசை, நிழல், சுத்தமான கழிப்பறை, எல்லாம் இலவசம். சாப்பிடும்போது அவளுக்குத் தைரியம் சொல்வதாக நினைத்து என் வீட்டுக் கதையைச் சொன்னேன். எங்களுக்கும் இதே தொல்லை இருந்தது. கணவர் கார்த்திகேயன் பழனிசாமி, நான் ரேவதி சுந்தரம், மகனுக்கு அவன் அப்பா பெயரைப் போட்டால் கார்த்திகேயன். வீட்டில் மூன்று பேர், மூன்று குடும்பப் பெயர். மகனோடு தனியாக ஊருக்குக் கிளம்பியபோது விமான நிலையத்தில் அரைமணி நேரம் நிற்க வைத்து, இது உன் பிள்ளைதானா என்று விசாரித்தார்கள். குடியுரிமை எடுத்தபோது எல்லோரையும் பழனிசாமி ஆக்கிவிட்டேன். ஒரே நாளில் வேலை முடிந்தது. அதன்பிறகு ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. "இந்த ஊரில் பிழைக்கத் தெரிய வேண்டும்" என்று பெருமையாகச் சொன்னேன். நொமின் புளியோதரையில் இருந்த வேர்க்கடலையை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

ஆல்பரியில் மதியம் ஒரு மணிக்கு பெட்ரோல் போட்டோம். அங்கே மர்ரே ஆற்றைத் தாண்டினால் விக்டோரியா மாநிலம். மாலை 4.45க்கு மெல்பர்னின் வடக்கே கிரெய்கிபர்ன். கிளம்பிய இடத்திலிருந்து கார் மீட்டரில் 847 கிலோமீட்டர்.

கிரெய்கிபர்னில் சிவநேசன் அங்கிள், ராணி அன்ரி வீட்டில் நொமினுக்கு ஒரு அறை பேசி வைத்திருந்தேன். யாழ்ப்பாணத்துக்காரர்கள், என் கணவருடைய பழைய அலுவலக நண்பரின் பெற்றோர். அங்கிள் இங்கே பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தங்கமான மனிதர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்துத் திட்டப் போகிறேன். அன்ரி புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்திருந்தார். நொமின் தட்டை வாங்கும்போது வலது கையை நீட்டி, இடது கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். அவர்கள் ஊரில் மரியாதையாக வாங்குவதும் கொடுப்பதும் அப்படித்தான்.

"நல்ல பழக்கமான பிள்ளை," என்றார் அன்ரி என்னிடம். "சைனாக்காரர் எல்லாம் இப்பிடித்தானோ?"

"சைனா இல்ல அன்ரி, மங்கோலியா."

"ஓம் ஓம், அந்தப் பக்கம்தானே," என்றார் அங்கிள். "பாஷை சைனீஸ் தானே?"

பிறகு நேராக அவளிடமே ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். சீன எழுத்தா? நாள் முழுக்க இறைச்சி மட்டும்தானா? செங்கிஸ்கானுக்குச் சொந்தமா? பள்ளிக்கூடத்துக்குக் குதிரையிலா போனது? நொமின் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். மங்கோலிய மொழிக்கும் சீனத்துக்கும் உறவில்லை. எழுதுவது ரஷ்யர்களைப் போல சிரிலிக்கில். பழைய எழுத்து ஒன்று உண்டு, மேலிருந்து கீழாக எழுதுவது, அதையும் பள்ளியில் படிக்கிறார்கள். உருளைக்கிழங்கும் சாப்பிடுவோம். செங்கிஸ்கானுக்குச் சொந்தமாக இருந்தால் ஒரு படிவத்துக்காகத் தொள்ளாயிரம் கிலோமீட்டர் வந்திருப்பேனா? அங்கிள் இதற்கு மேசையைத் தட்டிச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே அங்கிள்தான், போன முறை நான் வந்திருந்தபோது, பஸ் டிப்போவில் முப்பது வருஷமாகத் தன்னை 'இந்தியன்' என்றே கூப்பிட்டார்கள் என்று குமுறியவர். இலங்கை என்று சொன்னால் இந்தியாவில் எந்தப் பக்கம் என்று கேட்பார்களாம். அதைச் சொன்ன அதே நாற்காலியில் உட்கார்ந்து 'அந்தப் பக்கம்தானே' என்கிறார். நம் காயம் மட்டும் காயம், அடுத்தவனுக்கு வந்தால் பொது அறிவுக் கேள்வி. நான் சொல்லியே விட்டேன்.

"அங்கிள், உங்கள யாராவது சிங்களமும் தமிழும் ஒண்ணுதானேன்னு கேட்டா சும்மா இருப்பீங்களா?"

அங்கிள் தன் தட்டை ஒதுக்கி வைத்தார். "பிழை பிள்ளை, பிழைதான்," என்றார் மெதுவாக. "தெரியாமல்தான் கேட்டனான். தெரியாட்டிக் கேக்கத்தானே வேணும்?"

நான் கோபத்தில், அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காரைக் கிரெய்கிபர்னிலேயே விட்டுவிட்டு ரயிலில் நகரத்துக்குப் போனோம். முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நிறுவனம் இருந்த கட்டடத்தில் 10.50க்கு டோக்கன் எடுத்தோம். சுவர் முழுக்க எல்லா நாட்டு மாணவர்களும் புல்வெளியில் சிரித்துக்கொண்டிருக்கும் படங்கள். கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் யாரும் சிரிக்கவில்லை. எங்கள் எண் வர 12.35 ஆனது. திரையில் எண்ணோடு, 'கன்போல்ட்' என்று அவள் அப்பாவைக் கூப்பிட்டார்கள்.

கவுண்டரில் இளவயது அலுவலர் ஒருவர். மரியாதையாகத்தான் பேசினார், அது என் ஒத்திகைக்குப் பெரிய இடைஞ்சல். நான் முதல் பாகத்தைத் தவிர்த்துவிட்டு நேராக இரண்டாம் பாகத்துக்குப் போனேன். மங்கோலியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தமிழர்களுக்கும் கிடையாது, அப்பாவுக்கும் மகளுக்கும் கடைசிப் பெயர் வேறாக இருப்பதில் குற்றம் என்ன, வெளிநாட்டு மாணவர்களிடம் இவ்வளவு கட்டணம் வாங்குகிற நிறுவனம் இதைக்கூடத் தெரிந்து வைத்துக்கொள்ளாதா? பக்கத்துக் கவுண்டரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நான் முடிக்கும் வரை காத்திருந்தார்.

"எங்களுக்குத் தெரியும்," என்றார். "மங்கோலிய மாணவர்கள் இங்கே நிறையப் பேர் படிக்கிறாங்க. கடைசிப் பெயர் வேறயா இருந்தா நாங்க நிறுத்தி வைக்கிறதில்ல. பிரச்சினை அது இல்ல."

கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். விண்ணப்பப் படிவத்தில் தந்தையின் குடும்பப் பெயர்: கன்போல்ட். தந்தையின் சொந்தப் பெயர்: தோர்ஜ். அடுத்து அப்பாவின் கடவுச்சீட்டு நகலைக் காட்டினார். குடும்பப் பெயர்: தோர்ஜ். சொந்தப் பெயர்: கன்போல்ட். "படிவத்துப்படி இவங்க அப்பா ஒருத்தர். கடிதம் கொடுத்தவர் இன்னொருத்தர். யார் இதை நிரப்பினது?"

நான்தான் நிரப்பினேன்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, அவள் முதியோர் இல்லத்தில் வேலையில் இருந்தாள். கடைசி நாள் நெருங்குகிறதே என்று அவள் மடிக்கணினியில் நானே உட்கார்ந்து நிரப்பினேன். தந்தை பெயர் வந்தபோது, மகளுக்கு கன்போல்ட், அப்பாவுக்கு தோர்ஜ் என்று போனால் சந்தேகப்படுவார்களே என்று நினைத்தேன். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டேன். அப்பாவும் மகளும் கன்போல்ட், அழகாக ஒரே குடும்பம். எனக்கு இது ஒரு தவறாகவே தோன்றவில்லை. நம்மில் எத்தனை பேர் இப்படிச் செய்கிறோம்! அவள் மாலையில் வந்தபோது, "எல்லாம் அனுப்பியாச்சு, போய் நிம்மதியாத் தூங்கு" என்றேன். அவள் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து 'பயர்லலா' என்றாள், நன்றி என்று. 847 கிலோமீட்டர் நான் திட்டிக்கொண்டு வந்த ஆள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான்," என்றேன். இவ்வளவு சின்னக் குரல் எனக்கு உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது.

நொமின் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் திரும்பி அலுவலரிடம், இப்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள்.

அவர் இரண்டு வழி சொன்னார். சுலபமானது முதல் வழி. படிவம் அப்படியே இருக்கட்டும். தோர்ஜ் கன்போல்ட், கன்போல்ட் தோர்ஜ் இரண்டும் நானே என்று அவள் அப்பா ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு மின்னஞ்சலில் அனுப்பினால் போதும். ஐந்து நிமிட வேலை, இன்றைக்கே இடம் உறுதி. இரண்டாவது, படிவத்தைத் திருத்துவது. அதற்கு நிரப்பியவர் சாட்சி முன்னால் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதித் தர வேண்டும், மேலாளர் அதைப் பரிசீலிக்க வேண்டும். நாலு மணிக்குள் அவர் பார்ப்பாரா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

"முதல் வழி, முதல் வழி," என்றேன் நான். "அப்பாவுக்கு உடனே போன் போடு. அங்க இப்போ காலைல பத்து மணிதானே."

"வேண்டாம்," என்றாள் நொமின்.

"நொமின், இடம் போயிடும்."

"தோர்ஜ் எங்க தாத்தா. எங்க அப்பா கன்போல்ட். அவருக்கு அம்பத்தெட்டு வயசு. என் படிப்புக்காக லாரி ஓட்டுறார். தன் பேரு தலைகீழ்தான்னு அவர் கையெழுத்துப் போடணுமா? எதுக்கு? அவர் எதையும் தப்பா எழுதலையே."

அலுவலர் பத்திரத்தை அச்சிட்டு நீட்டினார். சாட்சிக் கையெழுத்துக்குக் கீழ்த்தெருவில் உள்ள மருந்துக்கடைக்குப் போகலாம் என்றார்.

மருந்துக்கடையில் பெரிய வரிசை. மருந்தாளர் ஓய்ந்து வர 1.50 ஆகிவிட்டது. கவுண்டர் ஓரத்தில் இருமல் மருந்துகளுக்கு நடுவே நின்றுகொண்டு எழுதினேன். கீழே கையொப்பமிடும் நான் இன்ன படிவத்தைத் தவறாக நிரப்பினேன், விண்ணப்பதாரர் அதை அறியமாட்டார். மேலே என் முழுப்பெயர் கேட்டிருந்தது. ரேவதி பழனிசாமி என்று எழுதினேன். நொமின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பழனிசாமி உங்க அப்பாவா?"

"இல்ல. கார்த்தியோட அப்பா."

அவள் கொஞ்சம் யோசித்தாள். குத்திக்காட்டும் குரல் இல்லை அது. தெரியாததைக் கேட்கிற குரல்.

"அப்போ உங்க அப்பா எங்க, எக்ச்?"

மருந்தாளர் என் ஓட்டுநர் உரிமத்தைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டேன், அவரும் போட்டார்.

2.15க்குத் திரும்பவும் டோக்கன். 3.05க்குப் பத்திரத்தைக் கொடுத்தோம். அலுவலர் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். 3.20, 3.30. நொமின் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். நான் மூன்று முறை கழிப்பறைக்குப் போய் வந்தேன். 3.42க்கு அவர் வெளியே வந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். திருத்திய படிவத்தில் தந்தை பெயர், தோர்ஜ் கன்போல்ட். அவள் அச்சுப் பிரதியை வலது கையால் வாங்கினாள், இடது கை முழங்கையில். அங்கேயே அப்பாவைக் கூப்பிட்டாள். மங்கோலிய மொழியில் என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு என்னிடம் போனை நீட்டினாள். அவர் எனக்கு நன்றி சொல்ல வேண்டுமாம்! எனக்கு! நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையான பயர்லலாவைத் திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

இனிப் போகிறவர்களுக்கு. ஹோம்புஷிலிருந்து கிரெய்கிபர்னுக்குப் பெட்ரோல் 114 டாலர் ஆனது. நெடுஞ்சாலையை விட்டு ஊருக்குள் போய்ப் போட்டால் கொஞ்சம் மிச்சமாகும். தனியாக ஓட்டுவதானால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கட்டாயம் நில்லுங்கள், நான் ஐந்து முறை நின்றேன், மொத்தம் 11 மணி நேரம் ஆனது. மெல்பர்ன் நகரத்துக்குள் காரை எடுத்துப் போகாதீர்கள். நாங்கள் போனபோது ரயில் கட்டணம் நாள் முழுதுக்கும் பதினோரு டாலர், நகர மையத்துக்குள் டிராம் இலவசம். அலுவலகக் கவுண்டருக்குப் போவதானால் முதல் ஆளாகப் போங்கள். உறுதிமொழிப் பத்திரத்துக்கு வக்கீல் வேண்டாம், மருந்தாளரே சாட்சி போடலாம், போட்டோ உள்ள அடையாள அட்டை மட்டும் அவசியம்.

படிவம் நிரப்புகிறவர்களுக்கு ஒன்றுதான். கடவுச்சீட்டில் எது எந்தப் பெட்டியில் இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள், அப்பாவுக்கும் சரி, பிள்ளைக்கும் சரி. வேறுவேறாக இருந்தால் இருக்கட்டும். பிறப்புச் சான்றிதழின் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பைக் கூடவே வையுங்கள், விளக்கம் ஒரு வரி எழுதுங்கள். 'எல்லாருக்கும் ஒரே பேரா போட்டுடு, கேள்வி வராது' என்று யோசனை சொல்லும் ஏஜென்டையும் அத்தையையும் என்னைப் போன்ற அக்காவையும் பக்கத்தில் சேர்க்காதீர்கள். கேள்வி வரும். வருகிற நேரத்தில் அசிங்கமாக வரும். எனக்கு இன்னும் அந்தப் பெட்டிமேல் கோபம்தான். ஆனால் அந்தப் பெட்டி யாரையும் பொய் எழுதச் சொல்லவில்லை. பயந்துபோய் நாமே எழுதினோம், அதற்குப் பிழைக்கத் தெரிந்தவர்கள் என்று பெயரும் வைத்துக்கொண்டோம்.

சனிக்கிழமை நான் தனியாகத் திரும்பினேன். ஹோல்ப்ரூக் என்ற ஊரில் பூங்காவில் ஒரு நீர்மூழ்கிக் கப்பலைத் தரையில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், கடல் நானூறு கிலோமீட்டர் தள்ளி. அதன் நிழலில் காரை நிறுத்தினேன். மதியம் 1.30, கரூரில் காலை 8 மணி. அப்பாவைக் கூப்பிட்டேன்.

"ஏம்ப்பா, நான் சிட்டிசன்ஷிப் எடுத்தப்ப பேர மாத்தினேன்ல. சுந்தரத்த எடுத்துட்டு பழனிசாமின்னு. அப்ப உங்களுக்கு வருத்தமா இருந்துச்சா?"

"அதுக்கென்ன இப்ப? ஏர்போர்ட்ல நிக்க வைக்காம விடுறாங்கல்ல? அது போதும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நீங்க சொல்லியிருந்தா மாத்தியிருப்பேனா?"

அப்பாவுக்குப் பின்னால் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டது.

"நீ எங்கம்மா கேட்ட?" என்றார். "மாத்திட்டேன்னுதானே சொன்ன."